வெள்ளிக்கிழமை அப்பா

அத்தியாயம் பத்தொன்பது

போன வாரம் இருதயம்மாவைப் பதுளை பஸ் ஸ்டாண்டில் நிற்க வைத்துவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேன். பாவம், உங்கள் கணக்கில் ஒரு வாரமாக அங்கேயே நிற்கிறாள். அவள் கணக்கில் முக்கால் மணி நேரம்தான். ஆனால் அதற்குள் அவள் ரோட்டை எட்டிப் பார்த்த தடவைகளை எண்ணினால் ஒரு வாரம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

மணி இரண்டே முக்கால். கோயில் மண்டபத்தில் மூன்றரைக்கு நாடகம். ஸ்பிரிங்வெளி பஸ் வந்தபாடில்லை. காலையிலிருந்து மழை விட்டு விட்டுப் பெய்கிறது. எங்கேயாவது மண் சரிந்து ரோட்டை மறித்துவிட்டதோ என்று கண்ணில் பட்ட கண்டக்டரையெல்லாம் கேட்டுப் பார்த்தாள். ஒருவருக்கும் தெரியவில்லை.

மகள் வராமலே இருந்துவிட்டால் நல்லது என்று ஒரு மனம் சொன்னது. இன்றைக்கு விட்டால் எப்போது என்று இன்னொரு மனம் அடித்துக்கொண்டது. இரண்டு மனத்துக்கும் நடுவில் அவள் குடையை விரிப்பதும் மடக்குவதுமாக நின்றாள்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. பழைய ஆட்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருதயம்மாவின் கணவர் கபிரியேல் மாஸ்டர். ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒற்றை அறையில் பிறந்தவர். அம்மா கொழுந்து பறித்துப் படிக்க வைத்தார். படித்து, பள்ளிக்கூட மாஸ்டராகி, பதுளையில் சொந்த வீடு கட்டி, கத்தோலிக்கக் கோயில் பாட்டுக்குழுவுக்கும் தலைவரானார். ஒரே மகள் ஜெசீகா. கம்பியூட்டர் படித்தவள். அவள் போய், அதே ஸ்பிரிங்வெளியில் கொழுந்து பறிக்கும் இராக்கம்மாவின் மகன் சுரேஸைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு அதே லயத்தில் குடியேறிவிட்டாள்.

சுரேஸ் வீட்டார் கும்பிடும் சாமி வேறு என்பதை மாஸ்டர் எப்படியோ விழுங்கியிருப்பார் என்றுதான் நான் நினைக்கிறேன். லயம்தான் தொண்டையில் நின்றுவிட்டது. "நான் ஏறி வந்த படியில அவ எறங்கிப் போயிட்டா" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் மகள் பேரை அவர் எடுத்ததே இல்லை.

இல்லை என்றா சொன்னேன்? ஒரே ஒரு இடத்தில் எடுத்தார். அதுதான் இந்தக் கதையின் முள்.

நவம்பர் இரண்டாம் திகதி ஆத்துமாக்கள் திருநாள். வீட்டுக்கு வீடு செத்துப்போனவர்களின் பேரை ஒரு தாளில் எழுதி, கவரில் போட்டு ஒட்டி, முந்தின ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வைத்திருக்கும் பெட்டியில் போட வேண்டும். திருநாள் பூசையில் எல்லார் முன்னாலும் அந்தப் பெட்டியைத் திறந்து, தாள் தாளாக எடுத்து, பேர் பேராக வாசிப்பார்கள். போன வருசம் மாஸ்டர் வீட்டுத் தாளை எடுத்த பாதர், மாஸ்டரின் அப்பா பேரை வாசித்தார். அம்மா பேரை வாசித்தார். கடைசியாக, ஜெசீகா என்று வாசித்தார்.

பாதர் ஊருக்குப் புதியவர். அவருக்கு என்ன தெரியும்? அவர் பாட்டுக்கு அடுத்த தாளை எடுத்துவிட்டார். ஜெசீகா அன்றைக்குக் கடைசி வரிசையில், ஆறு மாத வயிற்றோடு, செத்துப்போன தன் ஆச்சிக்காக வேண்டிக்கொள்ள வந்து நின்றுகொண்டிருந்தாள்.

பிறகு பாதர் விசாரித்தபோது, அது இந்தியாவுக்குப் போன அண்ணன் வீட்டில் செத்த பிள்ளையின் பேர் என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். தோட்டச் சனங்களை இந்தியாவுக்கு அனுப்பின ஒப்பந்தக் காலத்தில் கப்பலேறிப் போனவர்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் செத்தார்கள் என்று இங்கிருந்து யார் போய்ப் பார்க்கிறது?

அந்தக் கவரைப் பெட்டியில் போட்டது இருதயம்மா. மாஸ்டர் ஆர்மோனியத்தை விட்டு எழுந்து வர முடியாது, அதனால் வருசா வருசம் அவள்தான் போடுவாள். ஒட்டின கவரைப் பிரித்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. பெற்ற பிள்ளையைச் செத்தவர்களோடு சேர்த்தது தன் கைதான் என்று நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குச் சோறு இறங்குவதில்லை.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. இந்த வருசத்துக் கவர் நாளைக்குப் பெட்டிக்குப் போக வேண்டும். மாஸ்டர் இன்னும் எழுதவில்லை. வெற்றுக் கவர் இயேசுவின் திருஇருதயப் படத்துக்குக் கீழே ஒரு கிழமையாகக் கிடக்கிறது.

மூன்று மணிக்குப் பஸ் வந்தது.

ஜெசீகா கடைசி ஆளாக இறங்கினாள். இடுப்பில் எட்டு மாதப் பிள்ளை மதுஷா, கம்பளிக்குள் மூக்கு மட்டும் தெரிய. சுரேஸுக்குத் தொழிற்சாலையில் வேலை முறை, வர முடியவில்லையாம். மகள் இன்னும் கொஞ்சம் இளைத்திருந்தாள். இருதயம்மா பிள்ளையை வாங்கிக்கொண்டு, மழையில் இப்படியா தூக்கிவருவது என்று கடிந்துகொண்டாள். வரச் சொன்னது நீதானே என்றாள் ஜெசீகா. 

ஆமாம், வரச் சொன்னது அவள்தான். ஏன் என்று தெரிய வேண்டுமானால் அந்த நாடகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கேயோ வெளிநாட்டில் எழுதின பாட்டு நாடகமாம். கன்னியர் மடத்துச் சிஸ்டர் ஒருவர் புத்தகத்தைக் கொண்டுவந்தார், பாதர் தமிழில் எழுதினார், மெட்டை மாஸ்டர் நம் தொண்டைக்குத் தோதாக மாற்றினார். பனி கொட்டும் ஊரில் ரொட்டி சுட்டுப் பிழைக்கும் ஒரு யூதக் குடும்பம். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் அவர்களுக்கு ஓய்வுநாள் பிறந்துவிடும். அம்மா இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி, இரண்டு கையாலும் கண்ணைப் பொத்தி வேண்டிக்கொள்வாள். மேசையில் பின்னல் போட்ட ரொட்டி. அப்பா ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, தலையில் இரண்டு கையையும் வைத்து, பேர் சொல்லி ஆசீர்வதிப்பார்.

கடைசி மகள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கப்பலேறிப் போய்விடுகிறாள். அப்பா அவளைத் திட்டவில்லை, சபிக்கவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவள் உட்கார்ந்த காலிக் கதிரையின் மேல் கையை வைத்து, பேரைச் சொல்லி, பாட்டுப் பாடி ஆசீர்வதிக்கிறார். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை பனிக்குள் நடந்து அவள் வந்து நிற்கிறாள். கட்டிப்பிடித்து அழுகிறார்கள், எல்லோரும் பாடுகிறார்கள், திரை விழுகிறது.

அந்த அப்பா வேசம் யாருக்கு? நம்ம கபிரியேல் மாஸ்டருக்கு.

இரண்டு மாதமாக முன்னறையில் ஒத்திகை. இருதயம்மா அடுப்படியில் தேங்காய் திருவிக்கொண்டே கேட்பாள். அந்தக் கதிரைப் பாட்டு வந்தால் அவள் வாயும் சேர்ந்து முணுமுணுக்கும். சட்டென்று தன் வாயிலேயே அடித்துக்கொள்வாள். மெழுகுவர்த்தி ஏற்றிக் கண்ணைப் பொத்தும் அந்த அம்மாவை அவளுக்கு ரொம்பப் பிடித்தது. யாரும் ஏன் என்று கேட்காமல் அழுதுகொள்ள அந்த அம்மாவுக்குக் கிழமைக்கு ஒரு தடவை நேரம் கொடுத்திருக்கிறார்களே என்று பொறாமையாகக்கூட இருந்தது.

அதே நேரம் எரிச்சலாகவும் வரும். அந்த வீட்டில் ஒருத்தருக்கும் கோபமே வராதா? ஒருநாளாவது ரொட்டி கருகாதா? மாமியாரும் மருமகளும் ஒரு தடவையாவது முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டார்களா? யூதர் வீடு என்றால் பூசிமெழுகின வீடா என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வாள். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. சாமி பேரைச் சொல்லி எழுதிவிட்டால் எந்தக் குடும்பமும் பளபளவென்று ஆகிவிடுகிறது.

ஆனாலும் ஒரு ஆசை அவளை விடவில்லை. ஒரு மனுசன் இரண்டு மாதமாகத் தினம் தினம் காலிக் கதிரையில் கை வைத்துப் பழகினால், அவன் நெஞ்சு ஒரு துளியாவது இளகாதா? நாடகம் முடிந்த கையோடு, அழுத கண்ணோடு மேடையை விட்டு இறங்கும்போது, பேத்தியை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு கவர் எழுதும்போது அந்தப் பேரை எழுத அவர் கை ஓடாது. இதுதான் இருதயம்மா போட்ட திட்டம். இருபத்தொன்பது வருசத்தில் அவள் புருசனுக்குத் தெரியாமல் போட்ட முதல் திட்டமும் இதுதான்.

மண்டபம் நிறைந்திருந்தது. பக்கவாட்டுக் கதவுக்குப் பக்கத்தில், தூணுக்குப் பின்னால், கடைசி வரிசையில் மகளை உட்கார வைத்தாள். முக்காட்டை முன்னுக்கு இழுத்துவிட்டாள். அடுத்த கதிரையில் முக்குக் கடை றின்ஸா வந்து உட்கார்ந்தாள். பண்டாரவளையிலிருந்து மாஸ்டரின் தெருவுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, மாஸ்டருக்கு மகள் இருப்பதே அவளுக்குத் தெரியாது.

திரை தூக்கினார்கள். மாஸ்டர் வெள்ளைத் தாடியும் கறுப்புக் கோட்டுமாக வந்து நின்றார். இருதயம்மாவுக்கே ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை.

கதையெல்லாம் நான் திருப்பிச் சொல்லப்போவதில்லை. கதிரைக் கட்டத்துக்கு வருகிறேன். மேடையில் விளக்கைக் குறைத்து இரண்டு மெழுகுவர்த்தி மட்டும் எரிந்தது. மாஸ்டர் கதிரையிடம் போனார். இரண்டு கையையும் அதன் மேல் வைத்தார். பாட வாயைத் திறந்தார்.

அந்த நேரம் பார்த்துக் கடைசி வரிசையில் மதுஷா வீரிட்டு அழுதாள்.

மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். ஜெசீகா பதறிப் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டினாள். அந்த அவசரத்தில் முக்காடு சரிந்தது. ஆர்மோனியம் வாசித்த ஆள் முதல் அடியை வாசித்து முடித்தார், மாஸ்டர் பாடவில்லை. இரண்டாம் தடவையும் வாசித்தார், பாடவில்லை. அவர் கண் தூணுக்குப் பின்னாலேயே நின்றது. மூன்றாம் தடவைதான் குரல் எழும்பியது. உடைந்த குரல்.

மண்டபமே விசும்பியது. என்ன நடிப்பு என்று முன் வரிசையில் சொல்லிக்கொண்டார்கள். இருதயம்மாவுக்கு மட்டும் அது நடிப்பில்லை என்று தெரியும். கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது.

றின்ஸா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஜெசீகாவின் பக்கம் சாய்ந்தாள்.

"இப்புடியொரு வாப்பா கெடைக்க அந்தப் புள்ளைகள் குடுத்து வச்சிருக்கணும்" என்றாள்.

ஜெசீகா ஆமாம் என்று தலையாட்டினாள். அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

கடைசிக் கட்டம். மேலேயிருந்து பஞ்சுப் பனி கொட்டியது. மகள் வேசம் போட்ட கிருஷாந்தி ஓடிவந்தாள். மாஸ்டர் அவளைக் கட்டிப்பிடித்து, தலையில் இரண்டு கையையும் வைத்து, மகளே மகளே என்று கதறினார். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். இருதயம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். பக்கத்துக் கதிரை காலியாக இருந்தது.

குடையைக்கூட எடுக்காமல் ஓடினாள். ஜெசீகா வெளி விறாந்தையின் கோடியில், தூவானம் படாத இடமாகப் பார்த்து நின்று, பிள்ளைக்கு விசுக்கோத்து ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க கெளம்பிட்ட? அப்பா ஒன்னப் பாத்துட்டாரு. நான் பாத்தேன். பிள்ளைய எடுத்துக்கிட்டு உள்ள வா."

"பாத்தாரும்மா. நானும்தான் பாத்தேன். பாத்துட்டு என்ன செஞ்சாரு? மிச்சப் பாட்டையும் பாடுனாரு."

"அது நாடகம்டி. நடுவுல எறங்கி வர முடியுமா?"

"அதத்தான் நானும் சொல்றேன். அழ வேண்டியத எல்லாம் அங்கயே அழுது தீத்துட்டாரு. வீட்டுக்கு என்ன மிஞ்சும்?"

 ஜெசீகாவுக்குப் பேச்சு நிற்கவில்லை. அந்த நாடகத்து வீட்டுச் சனங்களைப் பார்த்தால் தனக்குப் பாவமாக இருக்கிறது என்றாள். நாளைக்கு யாராவது வெளிநாட்டுக்காரன் நம்ம லயத்தைப் பற்றிப் பாட்டு நாடகம் போட்டால் இப்படித்தான் போடுவான். கொழுந்து பறிக்கிறவள் சிரித்துக்கொண்டே ஆடுவாள், அட்டை கடிக்காது, மழை நனைக்காது, காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் பிந்தி வந்தால் யாரும் ஏசமாட்டார்கள். அந்த யூதர் ஊரிலும் மகளுக்குக் கதவைச் சாத்தின அப்பா எத்தனை பேர் இருந்திருப்பார்கள். அவர்களை யார் மேடை ஏற்றுவார்கள்?

அவ்வளவும் சொல்லிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டாள்.

"அந்தக் கை தலையில இருந்தா எப்புடி இருக்கும்னு எனக்குத் தெரியும்மா. பள்ளிக்கூடம் போறப்ப தெனமும் நெத்தியில சிலுவை போட்டு அனுப்புவாரு. அதான் என்னால உக்கார முடியல."

இருதயம்மா மகளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது.

"எனக்கு அவரு வரவேணாம், பேச வேணாம். என் பேர இந்த வருசம் செத்தவங்களோட வாசிக்காம இருந்தாப் போதும். ஒனக்குத் தெரியுமா, எங்க வீட்டுல இப்ப யாரும் என்னைய ஜெசீகானு கூப்புடுறதில்ல."

இது இருதயம்மாவுக்குப் புதிது. உங்களுக்கும் புதிது, போன வாரம்வரை நான் சொல்லவில்லை.

பிள்ளைப்பேற்றின்போது ஜெசீகாவுக்கு இரத்தம் நிற்காமல் போய், ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இழுபறியாகக் கிடந்தாளே, அப்போது லயமே ஒரே குரலில் சொன்னது, உயிரோடு இருக்கிறவள் பேரைச் செத்தவர்களோடு வாசித்தால் இப்படித்தான் வரும் என்று. மாமியார் இராக்கம்மா மாரியம்மன் கோயிலுக்கு ஓடித் தேங்காய் உடைத்தாள். உடைத்த கையோடு மருமகளுக்குப் பேரை மாற்றினாள். ஜெசீகா என்று தேடி வருகிறவனுக்கு இங்கே அப்படி ஒருத்தி இல்லை என்று சொல்ல வேண்டுமாம். அன்றிலிருந்து அவள் அங்கம்மா. கம்பியூட்டர் படித்த அங்கம்மா.

"கெழவி நல்லவதான். பயந்துபோய்ச் செய்யிறா. ஆனா இன்னொரு தடவ வாசிச்சா, நான் செத்தே போயிட்டேன்னு எனக்கே தோணிரும்மா" என்றாள் ஜெசீகா.

ஐந்தரை பஸ்ஸுக்கு அவள் போய்விட்டாள். பிள்ளையை யார் கையிலும் கொடுக்கவில்லை.

இருதயம்மா மண்டபத்துக்குத் திரும்பியபோது மேடைக்குப் பின்னால் மாஸ்டரைச் சுற்றி ஒரே கூட்டம். ஆளாளுக்குக் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். பாதர் மாஸ்டரின் தோளில் கை போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒரு விசயம் சொன்னார்.

"மாஸ்டர், இந்த வருசம் ஆத்துமாக்கள் திருநாளுக்குப் பேர் வாசிக்கிறது நீங்கதான். இந்தக் குரலை வச்சுக்கிட்டு நான் வாசிச்சா பாவம்."

மாஸ்டர் கொஞ்சம் வெட்கப்பட்டு, சரி பாதர் என்றார்.

 போன வருசம் அந்தப் பேரை வாசித்தது ஊர் பேர் தெரியாத வாய். இந்த வருசம் பெற்ற வாயே வாசிக்கப்போகிறதா? வாசிக்க மாட்டார், தான் வாசிக்க வேண்டும் என்று தெரிந்த பிறகு எழுதவே மாட்டார் என்று இருதயம்மா தன்னைத் தேற்றிக்கொண்டாள். வீடு வரும்வரை அதையே மனதுக்குள் ஜெபமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

வீட்டில் அவள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தபோது மாஸ்டர் தாடியோடேயே மேசையில் உட்கார்ந்திருந்தார். கோப்பையைத் தொடவில்லை.

"கடைசி வரிசையில ஒரு பிள்ளை அழுதுச்சே" என்றார்.



"ஆமாங்க."

"ஆம்பளப் பிள்ளையா, பொம்பளப் பிள்ளையா?"

"பொம்பளப் பிள்ளை. எட்டு மாசம். பேரு மதுஷா."

 மாஸ்டர் கோபிக்கவில்லை. தாடையில் இருந்த தாடியை ஒரு ஓரமாகப் பிய்க்க ஆரம்பித்தார். பசை பிடித்திருந்தது, வலித்திருக்க வேண்டும். பிய்த்த தாடியை மேசையில் வைத்துவிட்டு, அந்தக் கவரையும் ஒரு தாளையும் எடுத்துவரச் சொன்னார். பேனா அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

இருதயம்மா எடுத்துக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். பக்கத்தில் நிற்க அவளால் முடியவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் நின்று காதைக் கொடுத்தாள். பேனா ஓடுகிற சத்தம் கேட்டது, நின்றது. வெகு நேரம் ஒன்றும் கேட்கவில்லை. மறுபடியும் ஓடியது. அவள் வந்து பார்த்தபோது கவர் ஒட்டியாகிவிட்டது. தாடி ஒட்ட வாங்கின பசைதான், திறந்தபடி மேசையில் இருந்தது. மாஸ்டரின் கண் சிவந்திருந்தது. அழுதிருக்கிறார். அந்த அழுகையைப் பார்த்து, பேரை எழுதவில்லை என்று அவள் நம்பினாள், நாடகத்தை நம்பின மாதிரியே நம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாட்டுக்குழுவுக்காக மாஸ்டர் ஆறு மணிக்கே கிளம்பிவிட்டார். வாசலில் நின்று, மறக்காமல் கவரைப் பெட்டியில் போட்டுவிடு என்றார். வழக்கமாகச் சொல்வதுதான். ஆனால் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

இருதயம்மா கேத்தலில் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். ஆவியில் கவரைப் பிடித்தாள். தாடிப் பசை சீக்கிரமே இளகிக் கொடுத்தது. தாளை உருவினாள்.

மாஸ்டரின் முத்து முத்தான எழுத்து. அப்பா பேர். அம்மா பேர். அதற்குக் கீழே ஜெசீகா என்று எழுதி, ஒரு கோடு போட்டு அடித்திருந்தார்.

அப்பாடா என்று அவள் கண்ணை மூடினாள். திறந்தபோதுதான் அடித்ததற்குக் கீழே இருந்த வரியைப் பார்த்தாள். அங்கே மறுபடியும் எழுதியிருந்தார். ஜெசீகா. இந்தத் தடவை கொஞ்சம் அழுத்தமாக.

அவளுக்கு அழுகை வரவில்லை. மகளைப் பார்த்தார், பேத்தியின் குரலைக் கேட்டார், பேரைக் கேட்டார், அழுதார், அடித்தார், அதற்குப் பிறகும் எழுதினார். அப்படியானால் ஊரே எழுந்து நின்று கைதட்டியது எதற்கு? கதிரைக்குக் கிடைத்த ஆசீர்வாதம் பெற்ற பிள்ளைக்குக் கிடைக்காதா? இருபத்தொன்பது வருசத்தில் முதல் தடவையாக இருதயம்மாவுக்குப் புருசன் மேல் பயம் இல்லாத கோபம் வந்தது.

தாளை அடுப்பில் போட்டுவிடலாம் என்று எழுந்தாள். போட்டால்? கவர் எங்கே என்று கேட்பார், இன்னொன்று எழுதுவார். பேரை மட்டும் கிறுக்கிவிடலாமா? பெட்டி முன்னால் நின்று கிறுக்கினதையும் வாசித்துவிடுவார், அந்தப் பேர் அவருக்கு மனப்பாடம். பூசை மணி முதல் தடவை அடித்துவிட்டது. அவள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் அப்படியே நின்றாள்.

பிறகு போய் மேசையில் உட்கார்ந்தாள். பேனாவை எடுத்தாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எழுத்து எழுத்தாகக் கூட்டித்தான் எழுதுவாள். ஜெசீகா என்ற பேருக்கு நேர் கீழே, அதே அழுத்தத்தில், இன்னொரு பேரை எழுதினாள்.

இருதயம்மா.

எழுதினதை ஒரு தடவை வாசித்துப் பார்த்தாள். பயமாகத்தான் இருந்தது. சாவைக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. ஆனால் பிள்ளை செத்திருந்தால் பெற்றவள் மட்டும் சோறாக்கிப் போட்டுக்கொண்டு உயிரோடு இருப்பது என்ன நியாயம் என்று தோன்றியது. இராக்கம்மா பேரை மாற்றியாவது மருமகளைக் காப்பாற்றப் பார்த்தாள். தான் என்ன செய்தோம்?

அதே தாடிப் பசையை எடுத்துக் கவரை ஒட்டினாள். விரலால் நாலு தடவை நீவிவிட்டாள்.

கோயிலில் பெட்டி பீடத்துக்கு முன்னால் இருந்தது. இருதயம்மா நடு வழியே நடந்து போனாள். இரண்டு பக்கமும் ஆட்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள், நேற்று மாஸ்டர் அழவைத்துவிட்டார் என்று சைகை காட்டினார்கள். றோசாப்பூ வைத்த அந்தப் பெட்டியின் வாய்க்குள் கவரைத் தள்ளினாள். உள்ளே மற்றக் கவர்களுக்கு மேல் அது விழுந்த சத்தம் அவளுக்குக் கேட்டது.

பூசை தொடங்குமுன் பாதர் அறிவித்தல் சொன்னார். வருகிற ஞாயிறு ஆத்துமாக்கள் திருநாள். பெட்டியைத் திறந்து பேர்களை வாசிக்கப்போகிறவர் நம் கபிரியேல் மாஸ்டர். எழுதியிருக்கிற ஒரு பேரும் விடுபடாமல் வாசிக்கச் சொல்லியிருக்கிறேன் என்றார்.

ஆர்மோனியத்துக்குப் பின்னாலிருந்து மாஸ்டர் தலையைத் தூக்கி மனைவியைத் தேடினார். தாடையில் பசை பிய்ந்த இடம் சிவந்து தெரிந்தது. போட்டாச்சா என்று புருவத்தை உயர்த்தினார், வருசா வருசம் கேட்கிற மாதிரியே.

வழக்கமாக அவள் தலையை மட்டும் ஆட்டுவாள். இன்றைக்கு முன் வரிசைக்கும் கேட்கிற மாதிரி, வாய் திறந்து சொன்னாள்.

"போட்டாச்சுங்க."